எனது எது, ஊரது எது? கைவினை வடிவமைப்பாளர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். "உன் பெட்டி மாதிரியே இருக்குடி, பாரு." யாரோ ஒரு பெண் இன்ஸ்டாகிராமில் விற்கிற பனையோலைப் பெட்டி. மூடியில் டைமண்ட் கட்டம், கறுப்பும் சிவப்பும் மாறி மாறி. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அந்தப் பதிவின் கீழேயே "என் டிசைனைத் திருடியிருக்கிறீர்கள்" என்று எழுதினேன். விடிவதற்குள் எனக்குத் தெரிந்தவர்கள் இருபது பேர் போய் அந்தப் பெண்ணைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள்.

மறுநாள், அகஸ்தீஸ்வரம் பக்கம் எனக்கு ஓலையைக் கீற்றுக் கீற்றாக வாரித் தரும் ஆச்சியிடம் போனைக் காட்டிப் புலம்பினேன். ஆச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், பரணிலிருந்து ஒரு பழைய பெட்டியை இறக்கி, தூசியைத் தட்டி என் மடியில் வைத்தார். சாயம் வெளிறிப்போயிருந்தது, ஒரு மூலை எலி கடித்திருந்தது. ஆனால் அதே கட்டம்.

"இது எனக்க அம்மைக்க பெட்டியாக்கும் மக்ளே. நீ யாருக்கிட்ட இருந்து எடுத்த?"

அன்று சாயங்காலமே கமென்டை அழித்தேன், அந்தப் பெண்ணுக்குத் தனியாக மன்னிப்பு எழுதினேன். அவள் பதில் போடவில்லை. போட வேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை.

இரண்டு வருடம் கழித்து நிஜமாகவே என் வேலை ஒன்று களவு போனது. என் மூடி அமைப்பு, என் போட்டோ, அந்தப் போட்டோவின் ஓரத்தில் என் வீட்டுத் திண்ணையின் சிவப்புத் தரை உட்பட. இந்தத் தடவை நிதானமாக நாகர்கோவிலில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் மூன்றே கேள்வி கேட்டார். எத்தனை செய்து விற்றிருக்கிறீர்கள்? நூற்றிமுப்பது இருக்கும் என்றேன். டிசைன் பதிவு செய்தீர்களா? இல்லை. முதல் போட்டோ எப்போது வெளியே போட்டீர்கள்? செய்து முடித்த அன்றைக்கே. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

முதல் தடவை என்னுடையது அல்லாததற்குச் சண்டை போட்டேன். இரண்டாம் தடவை என்னுடையதைக் காப்பாற்றத் தெரியவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: என் பொருளில் எது என்னுடையது என்று நான் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. ஓலை, நகை, கல், சிப்பி, லேஸ், தையல் என்று தனியாகவோ வீட்டிலிருந்தோ வடிவமைத்து விற்கிறவர்களுக்காக, அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. சட்டம் சொல்கிற இடங்களில் சட்டத்தைச் சொல்கிறேன், மற்றது என் அனுபவம்.

முதல் படி: பொருளை மேசையில் வைத்துப் பிரியுங்கள்

ஒரு நோட்டை எடுத்து இரண்டு பத்தி போடுங்கள். இடது பக்கம் "ஊரது", வலது பக்கம் "எனது". உங்கள் பொருளைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒவ்வொரு அம்சத்தையும் எந்தப் பக்கம் எழுதுவது என்று முடிவு செய்யுங்கள். ஒரு மணி நேரம் ஆகும். பொய் சொல்லத் தோன்றும், சொல்லாதீர்கள்.

களவு போன அந்தப் பெட்டியையே எடுத்துக்கொள்கிறேன். தோவாளைப் பூச்சந்தையில் மாணிக்கமாலை கட்டுவதைப் பார்த்து வந்த யோசனை அது. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நடுவே நொச்சி இலை. பூவை மடித்து மடித்து வைத்துக் கட்டினால் மாலை பாய் மாதிரி தட்டையாக வரும், தள்ளி நின்று பார்த்தால் கல் பதித்த மாதிரி இருக்கும். அதை ஓலையில் கொண்டுவர ஆசைப்பட்டேன்.

என் நோட்டில் இப்படி எழுதினேன். வட்டப் பெட்டி, மூடி போட்டது: ஊரது. குருத்தோலை, அதை வாரும் முறை, அடிப்பக்க முடைச்சல்: ஊரது. சிவப்பு, பச்சைச் சாயம்: எல்லோரும் போடுவது. ஓலையை முக்கோணமாக மடித்துச் செருகுவது: ஆச்சிக்கும் தெரியும், ஆச்சியின் அம்மாவுக்கும் தெரியும். மாணிக்கமாலையை ஓலையில் செய்யலாம் என்ற யோசனை: இங்கே பேனா கொஞ்ச நேரம் நின்றது. யோசனை எனக்கு வந்ததுதான். ஆனாலும் அதை "எனது" பக்கம் எழுத முடியாது, ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன். மூடியில் ஏழு வரிசை, நடுவிலிருந்து வெளியே போகப் போக ஒவ்வொரு வரிசையிலும் மடிப்பின் திசை மாறுவது, மூன்றாவதிலும் ஆறாவதிலும் மட்டும் பச்சை, விளிம்பில் இரட்டைக் கட்டு: எனது. போட்டோ: எனது. பெட்டிக்கு வைத்த பெயர், விற்பனைக்கு எழுதிய நாலு வரி: எனது.

ஒன்பது அம்சத்தில் எனது என்று நின்றது மூன்றோ நாலோ. முதலில் மனசு சுருங்கிப்போனது. பிறகு பார்த்தால் அந்த நாலுதான் கடையில் என் பெட்டியை அடுத்த பெட்டியிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

யோசனை விஷயம். சட்டம் யோசனையைக் காப்பாற்றாது, அந்த யோசனைக்கு நீங்கள் கொடுத்த உருவத்தைத்தான் காப்பாற்றும். ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நாளைக்கு நீங்களும் மாணிக்கமாலையைப் பார்த்து ஒரு ஓலைப் பை செய்யலாம், நான் வாயைத் திறக்க முடியாது. என் ஏழு வரிசையை அப்படியே எடுத்தால்தான் பேச்சு. அதேபோல, ராத்திரி பகலாக உழைத்தேன் என்பதும் போதாது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் மோடக் வழக்கில் 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, உழைப்பு மட்டும் இருந்தால் பதிப்புரிமை வராது, கொஞ்சமாவது சொந்தப் படைப்புத்திறனும் இருக்க வேண்டும் என்பதுதான்.

"ஊரது" என்ற பத்தி நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ரொம்ப நீளம், அது நம் அதிர்ஷ்டம். பத்மநாபபுரம் அரண்மனையின் முகப்பு மண்டபமான பூமுகத்தில் அண்ணாந்து பாருங்கள். மரக் கூரையில் செதுக்கிய பூக்கள் 90, ஒன்றைப் போல ஒன்று இல்லை என்பார்கள். அத்தனையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம். நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகையில், கொண்டையில் வைக்கும் ராக்கொடி, ஜடைநாகம், சூரியப்பிறை, சந்திரப்பிறை, ஒட்டியாணம் எல்லாம் தலைமுறை தலைமுறையாக வந்த உருவங்கள். ராக்கொடியை நான்தான் வடிவமைத்தேன் என்று யாராவது சொன்னால் வடசேரியில் சிரித்துவிடுவார்கள். கன்னியாகுமரிக் கடற்கரையில் சிப்பியில் செய்த கண்ணாடிச் சட்டத்தை முதலில் யார் செய்தார் என்று யாருக்கும் தெரியாது. ஊரது என்றால் ஆதிகாலம் தொட்டு இருந்தது என்றும் அர்த்தமில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மிஷன் பாதிரியார்களின் மனைவிமார் நாகர்கோவிலில் சொல்லிக்கொடுத்த லேஸ் பின்னல், இன்றைக்கு நம்மூர்ப் பெண்களின் கைவேலை. வெளியிலிருந்து வந்தது, கை மாறிக் கை மாறி ஊருடையதாகிவிட்டது.

இரண்டாம் படி: நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள்?

நம்மை யார் காப்பி அடித்தார்கள் என்று தேடுவதில் இருக்கிற வேகம், நாம் யாரைக் காப்பி அடித்தோம் என்று பார்ப்பதில் இருப்பதில்லை. புதிதாக ஒன்று செய்து முடித்ததும் நான் இப்போது செய்வது இது: கூகுள் லென்ஸில் அதன் படத்தைப் போட்டுத் தேடுவேன். படத்தை எங்கும் பதிவேற்றாமல் தேட வேண்டுமென்றால், "மடிப்பு ஓலை மூடி" மாதிரி வார்த்தைகளைத் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் போட்டுப் பார்ப்பேன். மலையாளத்தில் தேடாமல் விடாதீர்கள். எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே ஓலை, இதே தாழை, இதே தென்னை நார்தான். அதற்கப்புறம் அந்தத் தொழிலில் வயதான ஒருவரிடம் காட்டுவேன். லென்ஸுக்குத் தெரியாதது ஆச்சிக்குத் தெரியும்.

பின்ட்ரெஸ்டில் ராத்திரி ஒரு மணி வரை படம் சேர்க்கிற பழக்கம் எனக்கும் இருந்தது. அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. மற்றவர் செய்து முடித்த டிசைன் மனசுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆறு மாதம் கழித்து நம் சொந்த யோசனை மாதிரி வெளியே வரும். திருட்டு எண்ணமே இல்லாமல் திருடுவது இப்படித்தான். அதனால் படத்தைப் பார்ப்பதைக் குறைத்தேன், பொருளைப் பார்க்கப் போகிறேன். தோவாளைச் சந்தைக்கு விடியற்காலையில் போய் மாலை கட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்தால், எந்தப் படத்திலும் கிடைக்காத ஒன்று கிடைக்கும். மடித்த பூ நழுவாமல் இருக்க அவர் விரல் எங்கே அழுத்துகிறது என்பது. என் மூடியில் மடிப்பின் திசை மாறுவது அந்த விரலைப் பார்த்து வந்ததுதான்.

குறிப்பிட்ட ஒருவரிடம் கற்றால், கேட்டுவிட்டு எடுங்கள், காசு கொடுங்கள், அவர் சம்மதித்தால் பெயரைச் சொல்லுங்கள். ஒரு சமூகத்தின் வேலை என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2025 ஜூனில் பிராடா நிறுவனம் மிலானில் காட்டிய செருப்பு கோலாப்பூரிச் செருப்பாகவே இருந்தது, முதலில் கோலாப்பூர் என்ற பேச்சே இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் இந்தியக் கைவேலையிலிருந்து வந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். பெரிய கம்பெனியைத் திட்டுவது சுலபம். அதே வேலையை நாம் பக்கத்து ஊர் முதியவரிடம் செய்கிறோமா என்று பார்ப்பதுதான் கொஞ்சம் கஷ்டம்.

மூன்றாம் படி: செய்யும்போதே சாட்சி சேருங்கள்

இது சின்னப் படிதான், ஆனால் பின்னால் எல்லாம் இதன் மேல்தான் நிற்கும். பென்சில் கிறுக்கல், தோற்றுப்போன முதல் மாதிரி, சாயம் வாங்கிய பில், பாதி வேலையில் எடுத்த போட்டோ, எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு உறை, மேலே தேதி. மூலப் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பியது மாதிரி சுருக்கப்பட்ட வடிவில் வைக்காமல், கேமராவில் எடுத்தபடியே வேறொரு இடத்தில் சேமித்து வையுங்கள்.

தனக்குத் தானே ரிஜிஸ்டர் தபால் அனுப்பிக்கொண்டு பிரிக்காமல் வைத்தால் பதிப்புரிமை வந்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. என்னிடமும் அப்படி இரண்டு உறை இருக்கிறது. அதற்கென்று தனிச் சட்ட மதிப்பு ஒன்றும் கிடையாது. பதிப்புரிமை, படைத்த கணத்திலேயே தானாக வருவது. நிரூபிப்பதுதான் பிரச்சினை. ஸ்கிரீன்ஷாட், போட்டோ போன்றவற்றை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார், மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு.

நான்காம் படி: வெளியே காட்டும் முன் பதிவு

என் நூற்றிமுப்பது பெட்டியும் தோற்றது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பதிப்புரிமைச் சட்டம் 1957இல் 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு என்ன சொல்கிறது என்றால், டிசைன் சட்டத்தில் (பொருளின் தோற்றத்தைப் பதிவு செய்வதற்கான சட்டம்) பதிவு செய்யக்கூடிய ஒரு வடிவத்தை நீங்கள் பதிவு செய்யாமல் விட்டு, அந்த வடிவம் போட்ட பொருளைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் செய்துவிட்டால், அந்த வடிவத்தின் மேல் உங்களுக்கு இருந்த பதிப்புரிமை போய்விடும். வாழ்நாளும் அதற்குமேல் 60 வருடமும் இருக்க வேண்டிய உரிமை, ஐம்பத்தியோராவது பெட்டியோடு முடிந்தது. கையால்தானே செய்கிறோம், மெஷின் இல்லையே என்று நானும் கேட்டேன். டிசைன் சட்டம் 2000 தன் விளக்கத்திலேயே கைமுறை, இயந்திரமுறை, ரசாயனமுறை என எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறது. கைவேலை என்பதால் மட்டும் தப்ப முடியாது.

பெரிய பெயருள்ள வடிவமைப்பாளர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். ஆடை வடிவமைப்பாளர் ரித்து குமாரின் நிறுவனமான ரித்திகா, பீபா என்ற ஆடை நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கை டெல்லி உயர் நீதிமன்றம் 2016இல் தள்ளியது இதே காரணத்துக்காகத்தான். டிசைன் பதிவு இல்லை, எண்ணிக்கை 50ஐத் தாண்டிவிட்டது.

அப்படியானால் பதிவு செய்துவிடலாமே? செய்யலாம், ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. விண்ணப்பம் கொடுக்கும் நாளுக்கு முன்னால் அந்த டிசைன் உலகத்தில் எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது. நீங்களே வெளியிட்டிருந்தாலும் சரி. இன்ஸ்டாகிராம் பதிவு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், கண்காட்சி ஸ்டால், எல்லாம் வெளியீடுதான். ஒட்டின பசை காயுமுன் போட்டோ போட்டு "நியூ அரைவல்" என்று எழுதுகிறோமே, அந்த ஒரு விரல் தட்டில் பதிவுரிமை போய்விடுகிறது.

ஆக வரிசை இதுதான்: செய், போட்டோ எடு, விண்ணப்பி, விண்ணப்ப எண் வந்ததும் வெளியே காட்டு. தனிநபருக்கு டிசைன் விண்ணப்பக் கட்டணம் ஒரு டிசைனுக்கு 1,000 ரூபாய். ஆன்லைனில் கொடுக்கலாம். பொருளை முன், பின், மேல், கீழ், பக்கவாட்டு என எல்லாக் கோணத்திலும் வெற்றுப் பின்னணியில் எடுத்த படங்களும், இதில் புதுமை எங்கே இருக்கிறது என்று ஒரு வாக்கியமும் வேண்டும். அந்த வாக்கியத்தை எங்கே தேடுவது என்று திணறாதீர்கள். முதல் படியில் வலது பத்தியில் எழுதியதுதான் அது. பதிவு கிடைத்தால் 10 வருடம், பிறகு 5 வருடம் நீட்டிக்கலாம்.

வருடத்துக்கு இருபது டிசைன் போடுகிறவர் இருபதாயிரம் கட்ட வேண்டுமா? வேண்டாம். ஐம்பதைத் தாண்டும் என்று நீங்கள் நம்புகிறதை மட்டும் பதிவு செய்யுங்கள். ஒன்றிரண்டு மட்டும் செய்கிற, விலை கூடிய பொருளுக்கு இயல்பான பதிப்புரிமையே நிற்கும். எண்ணிக்கையை நோட்டில் எழுதி வாருங்கள், நாற்பதைத் தொடும்போது முடிவெடுக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். அதற்குள் போட்டோ வெளியே போயிருந்தால் முடிவெடுக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மயிலாடிக் கல் சிற்பிகளுக்குக் கணக்கு வேறு. சிற்பம், ஓவியம் போன்ற கலைப்படைப்புகளை டிசைன் சட்டம் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது, அவை பதிப்புரிமைக்குள் வரும். கலைப்படைப்பு எது, டிசைன் எது என்று பிரிப்பதில் நீதிமன்றங்களே பல வருடம் குழம்பின. கிரையோகாஸ் வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழிமுறை சொல்லியிருக்கிறது. பொருளின் முதன்மைப் பயன் அழகா, உபயோகமா என்று பார்ப்பதும் அதில் ஒன்று. அழகுச் சிற்பம் ஒரு பக்கம், அதே உருவம் போட்ட கல் விளக்கு இன்னொரு பக்கம் விழலாம். உங்கள் பொருள் நடுவில் நின்றால் கட்டாயம் வக்கீலிடம் கேளுங்கள்.

போட்டோ, ஓவியம், லேஸ் மாதிரி வரைபடம் போன்றவற்றுக்குப் பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை. செய்தால் சாட்சியாக உதவும். கலைப்படைப்புக்கு 500 ரூபாய், சரக்கோடு சேர்த்துப் பயன்படுவது என்றால் 2,000. போட்டோவை நீங்களே எடுத்தால் உரிமை உங்களுடையது. காசு கொடுத்துப் போட்டோகிராபரை வைத்து எடுத்தால், உரிமை யாருக்கு என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிராண்டு பெயருக்கு டிரேட்மார்க், தனிநபருக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, 4,500 ரூபாய், 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். வியாபாரம் நிலைத்த பிறகு போதும் என்பது என் கருத்து.

புவிசார் குறியீட்டை, அதாவது ஓர் ஊரின் பெயரோடு சேர்ந்த பொருளுக்குக் கிடைக்கும் ஜி.ஐ. பதிவைப் பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. நாகர்கோவில் கோயில் நகைக்கு அது இருக்கிறது, தோவாளை மாணிக்கமாலைக்கு 2025இல் கிடைத்தது. அது காப்பது பெயரை, டிசைனை அல்ல. எங்கோ அச்சில் வார்த்த நகையை "நாகர்கோவில் கோயில் நகை" என்று விற்றால் தப்பு. ராக்கொடி செய்ததே தப்பு என்று சொல்ல முடியாது. அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் அதிகாரபூர்வப் பயனாளராகத் தனித்தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். 2020இல் விதியை மாற்றிக் கட்டணத்தை 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். பதிவகம் சென்னை கிண்டியில். பத்து ரூபாய்க் காரியத்தைத் தள்ளிப் போடாதீர்கள். எனக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. என் பெட்டிக்கு "தோவாளை மாணிக்கமாலைப் பெட்டி" என்றுதான் முதலில் பெயர் வைத்திருந்தேன். அந்தப் பெயர் பூக்கட்டுகிறவர்களுடையது. "மடிப்பூ" என்று மாற்றிவிட்டேன், இப்போது யோசித்தால் இதுதான் அழகாகவும் இருக்கிறது.

ஐந்தாம் படி: கூட வேலை செய்கிறவர்கள், கேட்டு வருகிறவர்கள்

"அக்கா, இந்தப் படத்துல இருக்கிற மாதிரியே செஞ்சு தருவீங்களா?" வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்பார்கள். படம் வேறொருவருடைய வேலை. கல்யாண சீசனில் ஐம்பது பெட்டி ஆர்டர் என்றால் முடியாது என்று சொல்ல மனசு வராது. நான் இப்போது கேட்பது ஒரே கேள்வி: "இதுல உங்களுக்குப் பிடிச்சது எது?" பெரும்பாலும் நிறம் என்பார்கள், இல்லை உள்ளே அறை பிரித்திருப்பது என்பார்கள். அதை வைத்து என் கையில் வருவதைச் செய்து காட்டுவேன். அப்படியே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், படத்தில் இருக்கிறவரின் பக்கத்தைத் தேடி அனுப்பிவிடுவேன். அப்படி ஒரு தடவை அனுப்பியதில் அந்தப் பெண் எனக்கே ஒரு ஆர்டர் திருப்பி அனுப்பினார்.

வீட்டில் வைத்து முடைந்து தருகிற பெண்களிடம் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மூன்று டிசைனை எனக்கு மட்டும் செய்ய வேண்டும், இத்தனை வருடத்துக்கு, இன்ன கூலிக்கு. உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் எழுதவில்லை என்றால் பதிப்புரிமைச் சட்டப்படி ஐந்து வருடம் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் இனி நீ ஓலைப் பெட்டியே செய்து விற்கக்கூடாது என்று எழுதி வாங்காதீர்கள். விரலில் இருக்கிற வித்தை அவளுடையது.

மொத்த வியாபாரி சாம்பிள் கேட்டால், காசு வாங்கிக்கொண்டு பில்லோடு கொடுங்கள். இலவச சாம்பிள் வாங்கிப் போனவர் அதற்குப் பிறகு போன் எடுக்காத கதை என்னிடம் இரண்டு இருக்கிறது.

ஆறாம் படி: காப்பி அடித்துவிட்டார்கள்

முதல் நாள் ஒன்றும் எழுதாதீர்கள். கமென்ட் வேண்டாம், ஸ்டேட்டஸ் வேண்டாம், நண்பர்களைக் கிளப்பிவிட வேண்டாம். நான் செய்ததைச் சொல்லிவிட்டேன்.

முகவரி, தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வேறு பெயரில் ஒன்று வாங்குங்கள், பில்லோடு. பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பொருள் கையில் வந்ததும் முதல் படி நோட்டைத் திறந்து, வலது பத்தியில் இருப்பதை மட்டும் ஒப்பிடுங்கள். இடது பத்தியில் எத்தனை ஒத்துப்போனாலும் கணக்கில்லை. என் விஷயத்தில் ஏழு வரிசை, மூன்றிலும் ஆறிலும் பச்சை, அப்படியே இருந்தது. விளிம்பு மட்டும் ஒற்றைக் கட்டு, சோம்பேறிகள்.

வலது பத்தியில் ஒன்றும் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். ஒரே கோயில் தூணைப் பார்த்து இரண்டு பேருக்கு ஒரே யோசனை வருவது நம்மூரில் அதிசயம் இல்லை.

ஒத்துப்போனால், முதலில் தனிச் செய்தி. நான் அனுப்புவது இப்படி இருக்கும்:

"வணக்கம். உங்கள் பக்கத்தில் இன்ன தேதியில் வந்திருக்கும் பெட்டியின் படம் நான் எடுத்தது, மூலக் கோப்பு என்னிடம் இருக்கிறது. மூடியின் வரிசை அமைப்பும் என்னுடையது. ஏழு நாளுக்குள் படத்தை நீக்கிவிட்டுத் தெரிவியுங்கள். உங்களுக்கு வேறு யாராவது கொடுத்த படமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள், பேசிக்கொள்ளலாம்."

கடைசி வரி முக்கியம். பாதிப் பேர் நிஜமாகவே யாரோ கொடுத்த படத்தை வாங்கிப் போட்ட மறுவிற்பனைக்காரர்கள். திருடன் என்ற வார்த்தை எந்தச் செய்தியிலும் வரக்கூடாது. ஆதாரமில்லாமல் வழக்குப் போடுவேன் என்று மிரட்டினால், பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவில் அவர் உங்கள் மேல் வழக்குப் போட வழி இருக்கிறது.

பதில் இல்லையென்றால் அந்தத் தளத்துக்குப் புகார். படம் திருட்டு என்றால் இதுதான் சீக்கிரம் நடக்கும். நம் பதிப்புரிமை விதிகளின்படி எழுத்தில் முறையான புகார் வந்தால் 36 மணி நேரத்துக்குள் தளம் நடவடிக்கை எடுக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். என் பெட்டி விஷயத்தில் டிசைனைக் காப்பாற்ற முடியவில்லை, போட்டோவை வைத்து அந்தப் பதிவுகளை இறக்க முடிந்தது. போட்டோ இல்லாமல் அவர்களால் அந்த வாரம் விற்கவும் முடியவில்லை. ஆகவே போட்டோவை நன்றாக, உங்கள் வீடு தெரிகிற மாதிரி எடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

அதற்கு மேல் வக்கீல் நோட்டீஸ், பிறகு மாவட்ட நீதிமன்றம். பதிப்புரிமை வழக்கை நீங்கள் வசிக்கிற இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம், காப்பி அடித்தவர் சூரத்தில் இருந்தாலும் நாகர்கோவிலில் போதும். பதிவு செய்த டிசைன் என்றால் ஒரு மீறலுக்கு 25,000 ரூபாய் வரை, ஒரு டிசைனுக்கு மொத்தம் 50,000 வரை கேட்கலாம், அல்லது தடையும் நஷ்ட ஈடும் கேட்டு வழக்குப் போடலாம். வக்கீலுக்குக் காசில்லை என்று நிற்கும் பெண்களுக்கு ஒரு விஷயம்: சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில், பெண் என்ற ஒரே காரணத்துக்காக இலவச சட்ட உதவி கேட்கலாம். வருமான வரம்பு கிடையாது. மாவட்ட ஆணைக்குழு நாகர்கோவிலில் இருக்கிறது.

பதிப்புரிமை மீறல் கிரிமினல் குற்றமும்தான், போலீசே நேரடியாகப் பதிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் ஒரு ஓலைப் பெட்டிக்காக இன்னொரு சின்ன வியாபாரியைப் போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்த எனக்கு மனசு வராது. ஆயிரக்கணக்கில் அச்சடிக்கிற ஃபாக்டரி என்றால் வேறு பேச்சு.

உங்களைக் காப்பிக்காரி என்று சொன்னால்

உறையை எடுங்கள். கிறுக்கல், தேதி, தோற்ற மாதிரி. பொதுவில் பதில் போடாமல் தனியாக அனுப்புங்கள். ஊரது என்றால் பழைய பொருளின் படத்தைக் காட்டுங்கள். நிஜமாகவே எங்கோ பார்த்தது உள்ளே புகுந்துவிட்டது என்று தெரிந்தால், ஆமாம் என்று சொல்லிவிட்டு விற்பனையை நிறுத்துங்கள். இருக்கிற சரக்கை என்ன செய்வது என்று அவரிடமே கேளுங்கள், பலர் விற்று முடிக்க விட்டுவிடுவார்கள்.

புது மூடி ஒன்று மூன்று மாதமாக என் பீரோவில், செய்தித்தாளில் சுற்றிக் கிடக்கிறது. விண்ணப்ப எண் வரும்வரை யாருக்கும் காட்டுவதாக இல்லை, ஆச்சியைத் தவிர. வெளியே சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் காட்டினேன். ஆச்சி ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பினார். விளிம்பில் விரலை ஓட்டினார்.

"இந்த மூலைக் கட்டு நாங்க செய்யதுதான். மத்தது நான் கண்டதில்ல மக்ளே."

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்து, மூலைக் கட்டை வலது பத்தியில் அடித்துவிட்டு இடது பத்தியில் எழுதினேன். விண்ணப்பத்தில் புதுமை என்று எழுதிய வாக்கியத்தையும் இனி திருத்த வேண்டும்.